குழந்தை பார்க்கும் அக்கா சம்பளம் கூட்டிக் கேட்கலாமா?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கூலி உயர்வு என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்கள் 2022 தொடக்கத்தில் தறியை நிறுத்திப் போட்டுக் கூலி உயர்வு கேட்டார்கள், 2025-இலும் கேட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகின்றன. இவர்கள் ஒரு சதவீதம் சொல்வார்கள், அவர்கள் ஒரு சதவீதம் சொல்வார்கள், பேச்சு நாலு சுற்று நடக்கும், கடைசியில் ஏதோ ஓரிடத்தில் முடியும். அதில் மரியாதைக் குறைவு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

அதே ஊரில், காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்து பொழுதோட ஆறு, ஆறரை வரைக்கும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண், “சம்பளம் கொஞ்சம் கூட்டிக் குடுங்க” என்று வாய் திறக்க ஒரு வருஷம் யோசிக்கிறார். கேட்டால் ‘எச்சாக் கேக்கறா’ என்று பெயர் வந்துவிடுமோ என்று பயம். கேட்கலாமா என்றால், கேட்கலாம். கேட்டே ஆக வேண்டிய சமயங்களும் உண்டு. அதற்கு விலைவாசி ஒரு காரணம்தான். பெரிய காரணம், இந்த வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு வேலையாக மாறிவிடுகிறது, சம்பளம் மட்டும் முதல் நாள் பேசியதிலேயே நின்றுவிடுகிறது என்பது.

இந்த வேலை எப்போது ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். 2017-இல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். ஆக, சரவணம்பட்டியிலோ விளாங்குறிச்சியிலோ ஐ.டி. கம்பெனிக்குப் போகும் ஒரு தாய் திரும்ப வேலையில் சேரும்போது குழந்தைக்கு நாலைந்து மாதம், மிஞ்சினால் ஆறு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவிநாசி ரோட்டு டிராபிக்கில் தினமும் போய்வர யாருக்கு மனசு வரும்? முன்பெல்லாம் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வந்து ஒரு வருஷம் தங்குவார். இப்போது அம்மிச்சிக்கே கோபியிலோ தாராபுரத்திலோ மாடு கன்று, தோட்டம், அப்பச்சியின் சர்க்கரை வியாதி என்று ஆயிரம் இருக்கிறது. மூன்று மாதம் இருந்துவிட்டு அவர் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில்தான் வீட்டில் அவசர அவசரமாக ஆள் தேடுகிறார்கள். சம்பளமும் அந்த அவசரத்தில் பேசியதுதான். குழந்தை பார்க்க இவ்வளவு என்று ஒரு வரியில் முடிந்துவிடும். என்னென்ன வேலை, எத்தனை மணி வரை, எப்போது கூட்டுவது என்பதெல்லாம் பேச்சிலேயே வராது.

நாலு மாதக் குழந்தை பாதி நாள் தூங்கும். பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தொட்டில் ஆட்டுவது, குளிக்க வார்ப்பது என்று வேலை ஒரு ஒழுங்கில் நடக்கும். எட்டாம் மாதம் தவழ ஆரம்பித்தால் அந்த ஒழுங்கு போச்சு. கண் எடுக்க முடியாது. கூடவே ராகிக் கூழ் காய்ச்சணும், காய் வேகவைத்து மசிக்கணும், ஒரு கிண்ணம் ஊட்ட முக்கால் மணி நேரம் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடக்கணும். ஒன்றரை வயதில் மாடிப்படி, சுவிட்ச் போர்டு, பாத்ரூம் வாளி எல்லாம் ஆபத்து. இரண்டு வயதில் கக்கூஸ் பழக்குவது, அதுவும் அப்பா அம்மா வீட்டில் இல்லாத பகலில் இவர் பொறுப்பில். இரண்டரையில் பிளே ஸ்கூல். வேன் வரும்போது கீழே நிற்கணும், பன்னிரண்டு மணிக்குத் திரும்பக் கூட்டி வரணும், மிஸ் சொன்னதை அம்மாவுக்குச் சொல்லணும், பாட்டுப் பாடி நிறம் சொல்லிக் கொடுக்கணும். இதற்கு நடுவில், குழந்தை தூங்கற நேரம் சும்மாதானே இருக்கீங்க என்று துணி மடிப்பதும், வெங்காயம் உரிப்பதும், வருகிற ஒறம்பரைக்குக் காபி கலப்பதும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது என்றைக்கு என்று யாருக்கும் நினைவிருக்காது. வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் கவனிப்பதே இல்லை.

அதனால் சம்பள உயர்வு கேட்க நல்ல தருணம் புது வேலை வந்து சேரும் தருணம்தான். நாலு மாதம் கழித்துக் கேட்டால், “இத்தனை நாளும் செஞ்சுட்டுத்தானே இருந்தீங்க” என்ற பதில் ரெடியாக இருக்கும். இரண்டாவது குழந்தை பிறக்கும் வீடுகளில் இது இன்னும் மோசம். பெரியவன் ஸ்கூலுக்குப் போய்விடுவானே, சின்னதை மட்டும் பார்த்தால் போதுமே என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தால், லீவு விட்டால், மே மாதம் முழுக்க வீட்டில் இருந்தால் இரண்டு பிள்ளையும் இவர் தலையில்தான். இரண்டு பிள்ளைக்கு ஒரு பிள்ளைச் சம்பளம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே அதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

சரி, கேட்கிற தைரியம் எங்கிருந்து வரும்? ஊரில் பெண்களுக்கு வேறு என்ன வேலை கிடைக்கிறது என்பதிலிருந்து வரும். கொங்கு நாட்டில் இது மற்ற இடங்களைவிடப் பெண்களுக்குச் சாதகம். திருப்பூரில் ஒரு பெண்ணுக்குச் செக்கிங், கைமடி, பேக்கிங் என்று பனியன் கம்பெனி வேலை எப்போதும் இருக்கிறது; சனிக்கிழமை ஆனால் வாரச் சம்பளம் கையில். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் அதற்குத் தனிக் காசு. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில், ஈரோட்டில் ஜவுளிக் கடை, கோவையில் மில்லும் ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்கும். வீட்டில் குழந்தை பார்க்கும் வேலையின் விலையைப் பக்கத்து பிளாக் மட்டும் தீர்மானிப்பதில்லை, இந்த வேலைகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அங்கே ஓவர்டைம் என்று ஒன்று உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மீட்டிங் முடியவில்லை என்று எட்டு மணிவரை நிறுத்தி வைத்தால், அதற்கு ஒரு பிளேட் பணியாரம்தான் கிடைக்கிறது.

அப்பார்ட்மென்ட்களில் இதற்கு எதிராக ஒரு வேலை நடக்கும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் “நீங்க எவ்வளவு தர்றீங்க?” என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் “ரேட்டை ஏத்தி விட்டுடாதீங்க ப்ளீஸ்” என்பார். பேசி வைத்துச் சம்பளத்தைக் கட்டிப்போடுவதுதான் இது, மில் முதலாளிகள் செய்தால் சங்கம் கொடி பிடிக்கும். பெண்களுக்கும் லிப்ட் அருகிலும் பஸ் ஸ்டாப்பிலும் பேச்சு உண்டு என்பதுதான் ஆறுதல். கேட்பதற்கு முன்னால் குறைந்தது மூன்று வீட்டு ரேட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். தொகையை மட்டும் கேட்டால் போதாது: எத்தனை மணி நேரம், எத்தனை பிள்ளை, சமையல் சேர்த்தா, ஞாயிறு லீவா, அதையும் கேளுங்கள். பதினைந்தாயிரம் வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றால், அவள் அங்கேயே தங்கி ராத்திரியும் பார்க்கிறாள் என்று தெரியவந்து வாயடைத்துப் போகும்.

பெரிய முட்டுக்கட்டை ஒன்று இருக்கிறது. ‘நீங்க எங்க வீட்டு ஆளு மாதிரி’ என்ற அன்பு. அது முழுக்கப் பொய்யும் கிடையாது. குழந்தை ‘அக்கா’ என்று இவரைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கும். நோம்பிக்குச் சேலை வரும், பொங்கலுக்குக் காசு வரும், மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அட்வான்ஸ் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் கிடைக்கும். தோட்டத்து ஆள்களுக்கு நோம்பிக்கு நோம்பி துணியும் தவசமும் கொடுத்த பழைய பண்ணையத்து வழக்கத்தின் மிச்சம் இது. கொடுக்கிறவருக்கு மனத் திருப்தி, வாங்குகிறவருக்கும் சந்தோஷம். கணக்கு என்று பார்த்தால் மட்டும் உதைக்கும். இரண்டாயிரம் ரூபாய்ச் சேலை வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. மாதம் ஆயிரம் கூட்டினால் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். சேலையை வாங்கிக்கொள்ளுங்கள், சந்தோஷமாகக் கட்டிக்கொள்ளுங்கள். அதைச் சம்பள உயர்வாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அட்வான்ஸ் வேறு மாதிரிச் சிக்கல். முப்பதாயிரம் வாங்கி மாதம் இரண்டாயிரம் பிடித்தால் பதினைந்து மாதம். அந்தப் பதினைந்து மாதமும் சம்பளம் பற்றிப் பேச நாக்கு எழாது. இவ்வளவு செஞ்சிருக்காங்க, இப்பப் போய்க் கேட்பதா என்று மனசு தடுக்கும். முடிந்தால் சம்பளம் பேசி முடித்த பிறகு அட்வான்ஸ் கேளுங்கள், வரிசை மாறினால் கை கட்டிவிடும். ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் கேட்கத் தடையில்லை. கடன் வேறு, வேலைக்கான கூலி வேறு. பிடித்தம் தவறாமல் நடந்துகொண்டுதானே இருக்கிறது.

எவ்வளவு கேட்பது? ஒரு உதாரணக் கணக்கு போடலாம். மாதம் 12,000 ரூபாய், தினம் பத்து மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 260 மணி நேரம், மணிக்கு 46 ரூபாய். இரண்டு வருஷமாகச் சம்பளம் கூடவில்லை, விலைவாசி வருஷத்துக்கு ஐந்து சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொண்டால், அதே பொருளை வாங்க இப்போது 13,230 ரூபாய் வேண்டும். அதாவது 1,200 ரூபாய் கூட்டிக் கேட்பது உயர்வே இல்லை, இருந்த இடத்துக்குத் திரும்பி வருவது. புது வேலைக்கான உயர்வு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. தினம் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கிறீர்களா? மாதம் 13 மணி நேரம், 46 ரூபாய் வீதம் ஏறக்குறைய 600. சமையலும் சேர்ந்துவிட்டதா? அந்த பிளாக்கில் சமையலுக்குத் தனியாக வருபவர் என்ன வாங்குகிறாரோ அதில் பாதியாவது. இப்படிப் பிரித்துக் கூட்டினால் வரும் தொகை நியாயமானதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும், கேட்கும்போது குரலும் தடுமாறாது. மேலே ஐந்நூறு, ஆயிரம் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் குறைத்தேன் என்ற திருப்தி எதிராளிக்கும் வேண்டும், நம் ஊர்ச் சந்தையில் எல்லாமே அப்படித்தானே.

கணக்குக்குச் சாட்சி வேண்டும். பால்காரர் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் எல்லோர் வீட்டிலும் தொங்குகிறது. உங்கள் வீட்டுக் காலண்டரில், நேரம் தாண்டி நின்ற நாளில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கட்டத்துக்குள் சின்னதாக எழுதி வையுங்கள். ஞாயிறு கூப்பிட்டுப் போனதை வட்டம் போடுங்கள். மூன்று மாதம் போதும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்காக இல்லை. ‘எப்பவாவது ஒரு நாள்தானே லேட் ஆகுது’ என்று அவர்கள் நிஜமாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள், அதற்குப் பதிலாகக் காட்டலாம்.

யாரிடம் கேட்பது என்பதில் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. ஜிபேயில் பணம் அனுப்புவது தம்பியாக (குழந்தையின் அப்பா) இருக்கலாம், முடிவு எடுப்பது அம்மணியாக (குழந்தையின் அம்மா) இருக்கலாம், ரெண்டு பேரையும் தாண்டி வீட்டுப் பெரியவரான ஆத்தா ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மாறவும் செய்யலாம். குழந்தையின் அம்மாவிடம் தொடங்குவதே நல்லது. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் லீவு போட வேண்டியவர் அவர்தான், உங்கள் வேலையின் மதிப்பும் அவருக்குத்தான் தெரியும். ஒறம்பரை முன்னால் வேண்டாம், குழந்தை காய்ச்சலாகக் கிடக்கும்போது வேண்டாம், விளக்கு வைக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். அந்நேரம் காசுப் பேச்சு எடுத்தாலே சில வீடுகளில் முகம் மாறிவிடும். சம்பளம் கைக்கு வரும் ஒன்றாம் தேதி வாசலில் நின்றுகொண்டு கேட்பதும் சரிப்படாது. இருபதாம் தேதிவாக்கில் “அடுத்த மாசத்துலிருந்து” என்று பேசினால் யோசிக்கவும் இடம் இருக்கும். ஐ.டி. ஆட்களுக்குச் சம்பள உயர்வு ஏப்ரலை ஒட்டி வரும் கம்பெனிகள் நிறைய. தமக்கு லெட்டர் வந்த மாதத்தில் அடுத்தவருக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

பேச்சு இப்படி இருக்கலாம்:

“அம்மணி, சித்த நேரம் பேசோணுங். பாப்பா நாலு மாசமா இருக்கறப்ப வந்தேனுங், இப்ப ரெண்டரை வயசு ஆகப்போவுது. இப்ப ஸ்கூல் வேனுக்கு விடறது, கூட்டியாறது, மத்தியானச் சோறு ஆக்கறது எல்லாம் நானே பாக்கறேனுங். வாரத்துல மூணு நாள் ஏழு மணி ஆயிருதுங். அடுத்த மாசத்துலிருந்து பதினஞ்சாயிரமாப் பண்ணிக் குடுங்க.”

“ஏனுங்க்கா, திடீர்னு மூவாயிரம் கூட்டிக் கேட்டா எப்படிங்?”

“ரெண்டு வருசமா ஒண்ணுமே கூட்டலீங்களே. நீங்க அவருகிட்டப் பேசிட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். தொகையைச் சொல்லிவிட்டார். நாள் சொல்லிவிட்டார். தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லவில்லை. மகன் காலேஜ் பீஸ், குழுக்கடன், வீட்டுக்காரர் குடி எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொன்னால் பதிலுக்கு உதவி வரும், சம்பளம் வராது. ஐயாயிரம் கைமாற்றாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அடுத்த மாதமும் பழைய பன்னிரண்டாயிரம்தான். அப்புறம் இந்தப் பக்கம் எல்லோர் வாயிலும் வரும் ‘நீங்களாப் பாத்துப் போட்டுக் குடுங்க’. மரியாதையான பேச்சுதான், ஆனால் பார்த்துப் போட்டால் ஐந்நூறுதான் விழும். விழுந்த பிறகு போதாது என்று சொல்லவும் முடியாது.

வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லலாமா? வேறு வீடு கையில் இருந்தால் சொல்லலாம். இல்லாமல் சும்மா மிரட்டிப் பார்ப்பது ஒருமுறைதான் பலிக்கும். பலித்தாலும் அன்றிலிருந்து அவர்கள் வேறு ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஏஜென்சி வழியாகப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி. வீட்டில் கொடுக்கும் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் நடுவில் கமிஷன் இருக்கும். முதலில் அந்த இடைவெளி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.

கேட்கக் கூடாத சமயமும் உண்டு. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாமல், வேலையும் மாறாமல் இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். போன மாதம் சொல்லாமல் எட்டு நாள் லீவு எடுத்திருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுக் கேட்கலாம். சம்பளம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கே வேலை போயிருக்கிறது என்றால், கேட்டும் பயனில்லை. வேறு வீடு பார்ப்பது இருவருக்கும் நல்லது.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்? கொஞ்ச தூரம். தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 37 ரூபாயிலிருந்து நிர்ணயித்தது. அதன் மேல் அகவிலைப்படி கணக்கு உண்டு என்பதால், இன்றைய தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கோவை அப்பார்ட்மென்ட்களில் பேசும் சம்பளம் அந்த 37 ரூபாயைத் தாண்டித்தான் இருக்கும், ஆக உயர்வு கேட்க அந்த 37 மட்டும் பெரிய ஆயுதம் இல்லை. அநியாயக் கூலி கொடுக்கும் வீட்டில் காட்ட மட்டும் உதவும். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-இல் நலவாரியம் அமைந்தது. 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, விபத்து, முதுமை ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. சம்பளத்தை அது கூட்டித் தராது, பதிந்து வைப்பதில் நஷ்டமும் இல்லை. இந்த வேலைக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொன்னது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக 2011-இல் கொண்டுவந்த 189-ஆம் ஒப்பந்தத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்ததோடு சரி, ஏற்று உறுதிசெய்யவில்லை. தனிச் சட்டம் வரும்வரை எல்லாம் ஹாலில் நின்று பேசும் பேச்சுதான்.

பணமாகக் கூட்ட முடியாது என்று சொன்னால் வேறு சில விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். அதில் முக்கியமானது, அவர்கள் ஊருக்குப் போகும் நாள். மே மாதம் பத்து நாள் ஊட்டி, கேரளா, மாமியார் ஊர் என்று கிளம்பிவிட்டு, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் வீடுகள் இருக்கின்றன. வர மாட்டேன் என்று இவர் சொல்லவில்லை, வீட்டைப் பூட்டியது அவர்கள். அந்த நாள்களுக்கு முழுச் சம்பளம் என்று பேசிக்கொண்டால் அதுவே வருஷத்தில் நாலாயிரம், ஐயாயிரம் தேறும். ஆறரைக்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று முடிவு செய்துகொள்வது இன்னொன்று. அதைப் பேசி முடித்த வீடுகளில் மீட்டிங்குகள் சீக்கிரமே முடிவதையும் பார்க்கலாம். பஸ் செலவு கேட்டால் “டவுன் பஸ்தான் லேடீஸுக்கு ஃப்ரீயாச்சேங்க்கா” என்பார்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசம்தான், ஆனால் அது அரசு கொடுத்தது, இந்த வீடு கொடுத்தது இல்லை.

“பார்க்கலாம்” என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். ஆடி போகட்டும், நோம்பி முடியட்டும், அவரு டூர்லிருந்து வரட்டும் என்று அது பல உருவில் வரும். “சரிங், எந்த மாசத்துலிருந்துன்னு மட்டும் சொல்லிருங்” என்று ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை எல்.கே.ஜி. சேரும் ஜூன் நெருங்குகிறது என்றால் இன்னும் உஷாராக வேண்டும். பிள்ளை மூன்று மணி வரை ஸ்கூலில் என்றதும் சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கலாமா என்ற யோசனை மார்ச், ஏப்ரலிலேயே வீட்டில் ஓட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் உயர்வு கேட்பதைவிட, எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று புதிதாகப் பேசி முடிப்பதும், காலி நேரத்துக்கு அதே பிளாக்கில் இன்னொரு வீடு பிடிப்பதும் லாபம்.

ஒப்புக்கொண்டுவிட்டால் அன்று ராத்திரியே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்: “அம்மணி, அடுத்த மாசத்துலிருந்து பதினாலாயிரத்தி ஐந்நூறுன்னு பேசுனமுங்களே, ரொம்ப சந்தோசமுங்.” நன்றி சொன்ன மாதிரியும் ஆச்சு, தொகை பதிவான மாதிரியும் ஆச்சு. சம்பளம் ஜிபேயில் வரட்டும். முதல் மாதம் பழைய தொகையே வந்திருந்தால், மறந்திருப்பார்கள் என்று அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.